வேலம்மா கரை சேர்ந்த சனிக்கிழமை

அத்தியாயம் 14

கடல் என்றால் குமுதாவுக்குப் பயம். ஏழு மாதமாகக் கடல் மேலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு கடலைக் கண்டு நடுங்குகிறவளை என்னவென்று சொல்வது? புருஷன் மேல் அவ்வளவு பாசம் என்றார்கள் ரவாங்கில் சில உறவுக்காரர்கள். அறுபத்திரண்டு வயதில் புத்தி கெட்டுப்போச்சு என்றார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பு சொன்னதிலும் உண்மை இருந்தது.

சிவானந்தம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கிள்ளான் துறைமுகத்து இழுவைப் படகுகளில் முப்பத்தொரு வருஷம் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்றதும், பழைய தவுக்கே, அதாவது முதலாளி ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்த முப்பத்தாறு அடி உல்லாசப் படகை வாங்கி, ஒரு வருஷம் தட்டிக்கொட்டிச் சரிபண்ணினார். பால்மரம் வெட்டித் தன்னை வளர்த்த அம்மாவின் பெயரை அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். அன்றிலிருந்து ‘வேலம்மா’தான் வீடு. லங்காவி, பங்கோர், லூமுட் என்று துறை துறையாகப் போவார்கள். பிடித்த இடத்தில் பத்து நாள் கட்டிப்போடுவார்கள். பேர்தான் உல்லாசப் படகு. உல்லாசமெல்லாம் அவருக்கு, பயமெல்லாம் இவளுக்கு.

போன வாரம் துளசி பாகான் நக்கோடா ஓமார் படகு ஜெட்டிக்கே வந்து நின்று சண்டை போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே மகள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. அப்பா கயிறு கட்டும்போது தடுமாறி விழுந்தார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“ப்பா, நான் ஓப்பனா சொல்றேன். உங்களால முடியலன்னு எனக்கு ஒரு தடவ தெரிஞ்சாலும் போதும். அன்னிக்கே இந்தப் போட்ட விக்கிறோம். சரின்னு சொல்லுங்க.”

சிவானந்தம் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார். தன்னால் முடியாமல் போகும் என்று நினைக்கிற ஆளா அவர்?

அந்த வாக்குக் கொடுத்து ஏழாவது நாள் புரட்டாசி மூன்றாம் சனி. விடிவதற்கு முன்பே வேலம்மா தெற்கே கிளம்பினாள். கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் பதினொரு மணிக்குத் தண்ணீர் ஏற்றம். அதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் அங்கே படகு போக வழியிருக்காது, சேறுதான் இருக்கும். ஆற்றுக்கு உள்ளே பாசிர் பெனம்பாங் துறையில் படகைக் கட்டிவிட்டு, சாயங்காலம் பெருமாள் கோயிலுக்குப் போய், பூசை முடிந்து விரதம் விடுவது என்று ஏற்பாடு. துளசியும் கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஒன்பது மணி இருக்கும். குமுதா கீழே சமையல் மேசையில் உட்கார்ந்து சாயங்காலப் படையலுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடதுபக்க ஜன்னல் வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்த வெயில் மெல்ல நகர்ந்தது. நகர்ந்து, நகர்ந்து, மேசையை விட்டே போய்விட்டது. இப்போது வெயில் பின்கதவு வழியாக வந்தது.

சூரியன் இடம் மாறவில்லை. படகுதான் திரும்பியிருந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே கரை இல்லை. தண்ணீரும், அதற்கு மேல் சுமத்ரா பக்கமிருந்து எழும்பி வரும் கறுத்த மேகமும்தான் இருந்தன.

“ஏங்க, கரை எங்க?”

“முன்னாலதான் இருக்கு. பாரு.”

“அது மேகங்க. நாம கடலுக்குள்ள போயிக்கிட்டு இருக்கோம்.”

“முப்பது வருசம் கடல்ல கெடந்தவனுக்கு நீ வழி சொல்றியா? கீழ போ.”

குமுதா திகைத்துப்போனாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படிச் சள்ளென்று விழுந்ததில்லை. அப்புறம்தான் சட்டையைப் பார்த்தாள். முதுகு முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. காற்று ஜில்லென்று அடிக்கும்போது எதற்கு இத்தனை வேர்வை? கழுத்தைத் தொட்டாள். ஈரம், அதுவும் குளிர்ந்த ஈரம். சுக்கானைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது.

“என்னங்க, என்னைப் பாருங்க.”

அவர் திரும்பினார். கண் இவள் மேல் நிற்கவில்லை. “மண்டோர் வந்துட்டாரா? லேட்டாயிருச்சு, திட்டுவாரு,” என்றார், லயத்துக் காலத்துத் தோட்டக் கங்காணியை நினைத்துக்கொண்டு.

அவ்வளவுதான், குமுதாவுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் கிளினிக்கில் வேலை பார்த்தவள் அவள். இந்த வேர்வையையும் இந்த நடுக்கத்தையும் இந்தப் பிதற்றலையும் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள். ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. விரல் நுனியில் ஊசி குத்திப் பார்க்கும் கருவியைக் கீழிருந்து எடுத்துவந்து குத்தினாள். நாலுக்குக் குறையக்கூடாது, இரண்டுக்கும் கீழே காட்டியது.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு விரதம். பச்சைத் தண்ணீரைத் தவிர அவர் வாயில் ஒன்றும் படவில்லை. காலை ஐந்து மணிக்கு, தினமும் செய்கிற பழக்கத்தில், சீனி வியாதிக்கான மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தது யார்? இவள் கைதான் வைத்தது.

ஒவ்வொரு புரட்டாசிக்கும், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் இதே வாய்தான் சொல்லும். ‘விரதம் இருக்கிற அன்னிக்கு மாத்திரைய டாக்டரக் கேக்காம போடாதீங்க, ஆளையே கவுத்துரும்.’ ஊருக்குச் சொன்னவள், தன் வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே ஒரு குவளையில் நாலு கரண்டி சீனியைக் கொட்டிக் கலக்கினாள்.

“குடிங்க.”

“விரதம்.”

“பரவால்ல, குடிங்க.”

“சாயங்காலம் பூசைக்கு அப்புறம்தான்.” பல்லைக் கடித்துக்கொண்டார். எல்லாம் மறந்த மனுஷனுக்கு விரதம் மட்டும் மறக்கவில்லை.

“பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். வாயத் தொறங்க.”

குவளையைத் தட்டிவிட்டார். சீனித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவர் எழ முயன்றார், கால் மடங்கியது, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் அப்படியே சரிந்தார். கண் பாதி மூடிக்கொண்டது. கூப்பிட்டதற்கு முனகல் மட்டும் வந்தது.

மயங்கிக் கிடக்கிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். குமுதா அவரை ஒருபக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தாள். கோப்பிக்கு ஊற்றுகிற கெட்டிப்பால் டின் கைக்கு எட்டியது. விரலில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கத்தில் தடவினாள். மறுபடி தடவினாள். “வேலம்மாத்தாயே, உன் பிள்ளையக் காப்பாத்து,” என்று செத்துப்போன மாமியாரைக் கூப்பிட்டாள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் ஒத்தே போனதில்லை.

அத்தனை நேரமும் படகு ஆளில்லாமல் மேகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

குமுதா எழுந்தாள். வேகத்தைக் குறைக்கிற கைப்பிடி எது என்று தெரியும். பின்னால் இழுத்தாள். எஞ்சின் தணிந்ததும் படகு அலைக்குப் பக்கவாட்டில் நின்று ஆட ஆரம்பித்தது. கீழே பாத்திரங்கள் உருண்டன. பூசணிக்காய்த் துண்டுகள் தரையில் ஓடின. கைப்பேசியை எடுத்தாள். சிக்னல் ஒரே ஒரு கோடு இருந்தது.

“துளசி, அப்பாவுக்குச் சீனி எறங்கி மயக்கமாயிட்டாரு.”

“எங்க மா இருக்கீங்க?”

“கடல்ல.”

“கடல்லன்னா எங்க மா?”

தெரிந்தால்தானே சொல்ல. “மலாவாத்தி குன்னு தூரத்துல தெரியுது. பாசிர் பெனம்பாங் ஜெட்டிக்கு வந்துரு. கார கொண்டா.”

“யாரு மா ஓட்டிட்டு வருவா? நீங்களா? வேணாம் மா, அங்கயே நில்லுங்க. நான் எமர்ஜென்சிக்கு அடிக்கிறேன், அவங்க வருவாங்க.”

“அவங்க போட்டு எடுத்துட்டு வர ஒரு மணி நேரமாகும்டி. அதுக்குள்ள…”

கோடும் போய்விட்டது. பேச்சு அறுந்தது.

அதற்குள் என்ன ஆகும் என்று குமுதாவுக்குத் தெரியும். கிளினிக் பெஞ்சில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இங்கேயே நின்றால் காற்று வந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் இறங்கிவிட்டால் ராத்திரிவரைக்கும் ஆற்றுக்குள் நுழைய முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? சுக்கானைப் பிடித்தாள்.

நேராக ஓட்டியிருக்கிறாள், அதுவும் அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, காற்றில்லாத நாளில். ஆற்றுமுகத்துக்குள் ஒருநாளும் ஓட்டியதில்லை. இரண்டு பக்கமும் சேற்றுத் திட்டு. நடுவில் குறுகலான ஆழத்தடம். அது எங்கே வளைகிறது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவனுக்குத்தான் தெரியும். சிவானந்தமே எஞ்சினைத் தணித்து, பேச்சை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைவார்.

படகைத் திருப்பினாள். குன்றின் மேல் கலங்கரை விளக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷம்கூடத் தெரிந்திருக்காது. முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது, மழை வந்து அறைந்தது. குன்று, விளக்கு, கரை எல்லாம் மறைந்துபோயின. கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அழுதாள். அழுதுகொண்டே ஓட்டினாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுக்கானை விட்டுவிட்டுக் குனிந்து, பால் தொட்ட விரலை அவர் கன்னத்துக்குள் தேய்த்துவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி எழுந்து சுக்கானைப் பிடித்தாள்.

மழைக்குள்ளிருந்து தடதடவென்று ஒரு சத்தம். வலதுபக்கம் நீலச் சாயம் பூசிய மீன்பிடிப் படகு ஒன்று குதித்துக் குதித்து வந்தது. பின்னால் இன்னொன்று. காற்றுக்குப் பயந்து வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற படகுகள். வீடு என்றால் பாசிர் பெனம்பாங்தானே?

முதல் படகில் நின்ற சீனக் கிழவர் இவளைப் பார்த்தார். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தலைவிரிகோலமாக ஒரு அம்மா உல்லாசப் படகு ஓட்டுகிறதை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். குமுதா கதவைத் திறந்து, “லாக்கி சாயா சாக்கிட்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். புருஷனுக்கு முடியவில்லை என்று மலாயில் சொன்னதாக நினைப்பு. காற்றில் அவருக்கு எது கேட்டதோ, கையை மட்டும் தன் பின்பக்கம் காட்டினார். பின்னாலேயே வா என்று அர்த்தம்.

பின்னாலேயே போனாள். அவர் வளைந்த இடத்தில் வளைந்தாள், அவர் தணித்த இடத்தில் தணித்தாள். ஆழம் காட்டுகிற பெட்டியில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. மூன்று மீட்டர். இரண்டரை. ஒன்றரை. ஒன்று. படகின் அடி எதிலோ உரசியது. வேலம்மா முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, வேகம் செத்து, படகு நின்றேவிட்டது.

குமுதா நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் நீலப்படகு தூரமாகிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு பெரிய அலை வந்து படகைத் தூக்கியது. தூக்கின அந்த நொடியில் கைப்பிடியைக் கடைசிவரைக்கும் முன்னே தள்ளினாள். எஞ்சின் அலறியது. சேறு கறுப்பாகக் கொப்பளித்தது. வேலம்மா அசைந்தாள், வழுக்கினாள், மிதந்தாள்.

பத்து நிமிஷம் கழித்து இடதுபக்கம் ஜெட்டிக் கால்கள் தெரிந்தன. மழையில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள் துளசி.

*

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவானந்தம் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது மணி மூன்று. கையில் ஊசி, ஊசிக்கு மேலே சீனித் தண்ணீர்ப் பை. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. குமுதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. செய்தது இவள் கை அல்லவா?

துளசி படகைச் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவரப் போயிருந்தாள். டாக்டர் நித்தியா, சின்ன வயசுப் பெண், குமுதாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

“ஆன்ட்டி, காலையில எத்தன மாத்திரை குடுத்தீங்க?”

“ஒன்னுதான் டாக்டர். விரதம்ங்கிறத மறந்துட்டேன். என் தப்புதான்.”

“ஒன்னுக்கு இப்படி எறங்காது ஆன்ட்டி. ரெண்டு தடவ ஏத்தியும் மறுபடி எறங்குது. மாத்திரை பெட்டி இருந்தா எண்ணிப் பாருங்களேன்.”

பெட்டி கைப்பையில்தான் இருந்தது. கிளம்பும்போது கிளினிக் பழக்கத்தில் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காலையில்தான் புது அட்டை பிரித்தாள். பத்தில் ஒன்று போயிருக்க வேண்டும். நான்கு போயிருந்தது.

இன்னொரு தடவை எண்ணினாள். ஆறுதான் மிச்சம். “நாலு,” என்றாள் டாக்டரிடம். டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

குமுதா கட்டிலுக்குத் திரும்பிவந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஏங்க, காலையில மாத்திரை எத்தன போட்டீங்க?”

“ஒன்னுதான். நீ தூங்கிக்கிட்டு இருந்த. எழுப்ப வேணாம்னு நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

காலை ஐந்து மணிக்கே எழுந்து, மாத்திரையை எடுத்துக் கையில் வைத்து, அவர் விழுங்குகிறவரை எதிரே நின்றவள் இவள். ஏழு மணிக்கு அவர் கீழே வந்து மாத்திரைப் பெட்டி இருந்த மேசைப் பக்கம் நின்றார். எட்டு மணிக்கும், எட்டரைக்கும் வந்தார். தண்ணீர் குடிக்க வந்தார் என்றுதான் நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் போடவில்லை என்று நினைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கிறார்.

பழி தன்மேல் பாதிதான் என்று தெரிந்தால் நெஞ்சு லேசாக வேண்டாமா? ஆகவில்லை. கடலில் இருந்த பயத்துக்குக் கரை என்று ஒன்று இருந்தது. இந்தப் பயத்துக்கு அது தெரியவில்லை. பகவானே, எத்தனை நாளாக இப்படி, இன்னும் எதையெல்லாம் மறந்துவிட்டு மறைத்துக்கொண்டிருக்கிறார்?

துளசி உள்ளே வந்தாள். ஈரத்தலை இன்னும் காயவில்லை. “வெளிய டாக்டரப் பாத்தேன். நாலு மாத்திரையாமே? யாரு போட்டது? அப்பாவே எடுத்துப் போட்டாரா?”

அவள் கேட்ட கேள்வி என்ன என்று குமுதாவுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடல் பயம் இன்றோடு தீர்ந்தது. நாளையே படகு விலை பேசப்படும், ரவாங் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாகப் படுக்கலாம். பக்கத்தில் இவர், நோயாளியாக, மகளின் பார்வைக்குப் பயந்துகொண்டு.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள். “குடுத்தது ஞாபகமில்லாம திருப்பித் திருப்பிக் குடுத்துட்டேன்.”

“மா!” துளசிக்குக் கோபத்தில் கண் கலங்கியது. “கிளினிக்ல இருந்தவங்க நீங்க. அப்பா செத்துப் போயிருப்பாரு, தெரியுமா?”

“தெரியும்.”

“எப்படி மா மறப்பீங்க?”

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். சிவானந்தம் ஊசி இல்லாத கையை நீட்டி அவள் தோளைத் தட்டினார். குரலில் அத்தனை பரிவு.

“திட்டாத துளசி. பாவம் லா அவ. யானைக்கும் அடி சறுக்கும். வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்.” குமுதாவைப் பார்த்துச் சிரித்தார். “நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காத. இனிமே மாத்திரைய நானே பாத்துக்கிறேன்.”

“அதான் பெட்டர் ப்பா,” என்றாள் துளசி. அம்மாவின் மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, மாத்திரைப் பெட்டியை எடுத்து, அப்பாவின் கையில் கொடுத்தாள். குமுதா தடுக்கக் கை நீட்டினாள். என்ன சொல்லித் தடுப்பது?

சிவானந்தம் பெட்டியைத் திறந்தார். அட்டையைப் பிரித்தார். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் போட்டுக்கொண்டார்.

“நல்ல வேளை ஞாபகப்படுத்தின. அந்தத் தண்ணிப் போத்தல குடும்மா. இன்னிக்கு மாத்திரை இன்னும் போடவே இல்ல.”

துளசி போத்தலை எடுத்திருந்தாள். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.